வேலூர் வெயிலில் சின்னமன் ரோல்: முதல்முறை செய்பவர்களுக்கு

சின்னமன் ரோல் செய்முறை எதைத் தேடி எடுத்தாலும் அதில் ஒரு வரி தவறாமல் இருக்கும்: பிசைந்த மாவை வெதுவெதுப்பான இடத்தில் ஒன்றரை மணி நேரம் மூடி வையுங்கள். அதை எழுதியவர் வீட்டுச் சமையலறையில் 20 டிகிரி இருந்தாலே பெரிது. நம் சத்துவாச்சாரியிலும் காட்பாடியிலும் மே மாதத்தில் வெளியே 40 டிகிரியைத் தாண்டும். மொட்டைமாடிக்குக் கீழே இருக்கிற வீடானால் சமையலறைக்குள்ளேயே 35, 36 அடிக்கும். அந்த வரியை நம்பி மாவை ஒன்றரை மணி நேரம் விட்டுவிட்டால், திரும்பி வந்து பார்க்கும்போது அது பாத்திரத்தை மீறி வழிந்து, கள் வாடை அடித்துக்கொண்டு, தொட்டதும் பொசுக்கென்று அமுங்கிப் போகும்.

ஆக, வேலூரில் இதைச் செய்கிறவருக்குப் பாதி வேலை மாவு சூடேறாமல் பார்த்துக்கொள்வதுதான். மீதிப் பாதி, சப்பாத்தி தேய்க்கத் தெரிந்த யாருக்கும் வரும்.

செய்யப்போவது இதுதான்: பால், வெண்ணெய், சர்க்கரை சேர்த்த ஈஸ்ட் மாவைப் பெரிதாக விரித்து, மேலே வெண்ணெயும் நாட்டுச்சர்க்கரையும் பட்டைத் தூளும் தடவி, சுருட்டி, துண்டு போட்டு, ஓவனில் சுடுவது. ஸ்வீடனில் இதற்கென்று ஒரு நாளே உண்டு. 1999 முதல் ஒவ்வொரு அக்டோபர் 4-ஆம் தேதியும் கொண்டாடுகிறார்கள். அவர்கள் மாவில் ஏலக்காய் தட்டிப் போடுவார்கள், மேலே வெள்ளைக் கிரீம் ஊற்ற மாட்டார்கள். கிரீம் வழிய வழியச் சாப்பிடுவது அமெரிக்கப் பழக்கம். நான் இரண்டிலும் பிடித்ததை எடுத்துக்கொள்கிறேன்: மாவில் ஏலக்காய், மேலே கொஞ்சமாக ஐசிங்.

கடையில் வாங்கும்போது

பட்டையிலிருந்து தொடங்கலாம், ருசியே அதில்தான் இருக்கிறது. லாங் பஜாரிலோ மண்டித் தெரு பக்கமோ மளிகைக் கடையில் பட்டை என்று கேட்டால் எடுத்துத் தருவது பிரியாணிக்குப் போடுகிற தடித்த பட்டை. ஆம்பூரும் வாணியம்பாடியும் பக்கத்திலேயே இருக்கிற ஊரில் வேறு எதைத் தருவார்கள்! அது கேசியா வகை. கையால் ஒடிப்பது கஷ்டம், மரத்தோல் போல ஒரே அடுக்காக இருக்கும், ஒரு சில்லைக் கடித்தால் நாக்கில் காரம் ஏறும். இலங்கைப் பட்டை வேறு. வெளிர் நிறம், மெல்லிய தாள்கள் ஒன்றுக்குள் ஒன்றாகச் சுருண்டிருக்கும், விரலால் அழுத்தினாலே நொறுங்கும், மணம் மென்மையாக இருக்கும். விலை பல மடங்கு.

இந்த ரோலுக்கு இலங்கைப் பட்டைதான் வேண்டும் என்று பலர் அடித்துச் சொல்வார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. அமெரிக்காவில் கடைகளில் விற்கிற பட்டைத் தூளே பெரும்பாலும் கேசியாதான்; அந்த ரோலுக்கு உரிய அந்த அழுத்தமான வாசனை அதிலிருந்துதான் வருகிறது. பிரியாணிப் பட்டையே போதும், தைரியமாகப் போடுங்கள். ஒன்று மட்டும் கவனிக்க வேண்டும்: கேசியாவில் கூமரின் என்ற பொருள் அதிகம், இலங்கைப் பட்டையில் மிகக் குறைவு. கூமரின் அளவுக்கு மீறினால் கல்லீரலுக்கு ஆகாது. மாதம் ஒருமுறை ரோல் சாப்பிடுகிறவர் கவலைப்பட ஒன்றுமில்லை. மருந்தாக நினைத்துத் தினமும் ஸ்பூன் கணக்கில் பட்டைத் தூள் சாப்பிடுகிறவர்தான் யோசிக்க வேண்டும்.

பாக்கெட்டில் அடைத்த தூள் வேண்டாம். எப்போது அரைத்தது என்று தெரியாது, மணமும் பாதி போயிருக்கும். பட்டையைத் துண்டுகளாக உடைத்து மொட்டைமாடியில் ஒரு மணி நேரம் காய வையுங்கள். நம் வெயில் இந்த ஒரு வேலைக்காவது உதவட்டும். நன்றாகக் காய்ந்த பட்டையை மிக்சியின் சின்ன ஜாரில் போட்டு, விட்டு விட்டு அரைத்து, டீ வடிகட்டியில் சலித்து எடுங்கள். சலிக்காமல் போட்டால் சாப்பிடும்போது பல்லில் மணல் நறநறக்கும். மேலே நின்ற கப்பியைத் தூக்கிப் போடாதீர்கள், டீயில் போடலாம்.

அடுத்து மைதா. பாக்கெட்டின் பின்பக்கத்தில் 100 கிராமுக்குப் புரதம் எவ்வளவு என்று போட்டிருப்பார்கள். 10 கிராமுக்குக் குறைந்தால் அந்தப் பாக்கெட்டைக் கேக்குக்கு வைத்துக்கொள்ளுங்கள். 11 இருந்தால் நல்லது. தேதி புதிதாக இருக்க வேண்டும், வண்டு வராமல் இருக்கவாவது.

ஈஸ்டில் இரண்டு வகை உலர்ந்ததாகக் கிடைக்கும். இன்ஸ்டன்ட் ஈஸ்ட் என்று போட்டிருப்பதை வாங்குங்கள். நேராக மாவில் கலக்கலாம். குருணை பெரிதாக இருக்கிற ஆக்டிவ் டிரை ஈஸ்டானால் வெதுவெதுப்பான பாலில் பத்து நிமிடம் ஊற வைத்துத்தான் சேர்க்க வேண்டும். எதுவானாலும், வெயிலடிக்கிற அலமாரியில் மாதக்கணக்காகக் கிடந்த பாக்கெட் செத்துப் போயிருக்க வாய்ப்பு அதிகம். விற்பனை நன்றாக நடக்கிற பேக்கரி சாமான் கடையில் வாங்குவது நல்லது. வீட்டுக்கு வந்ததும் பிரித்த பாக்கெட்டைக் காற்றுப் புகாத டப்பாவில் போட்டு ஃப்ரீசரில் வைத்துவிடுங்கள். சந்தேகம் வந்தால் கால் கப் வெதுவெதுப்பான தண்ணீரில் அரை ஸ்பூன் சர்க்கரையும் அரை ஸ்பூன் ஈஸ்டும் போட்டுப் பாருங்கள். பத்து நிமிடத்தில் நுரை கட்டினால் உயிர் இருக்கிறது. தண்ணீர் கைபொறுக்கும் சூடுதான் இருக்க வேண்டும். 60 டிகிரிப் பக்கம் போனால் ஈஸ்ட் செத்துவிடும்.

வெண்ணெய் உப்பில்லாததாக இருந்தால் நல்லது. வீட்டில் இருப்பது மஞ்சள் நிற அமுல் போல உப்புப் போட்டதுதான் என்றால், மாவில் போடுகிற உப்பைப் பாதியாகக் குறைத்துக்கொள்ளுங்கள், பூரணத்தில் உப்பே வேண்டாம். தயிர் கடைந்து எடுத்த வெண்ணெய் வேண்டாம். நெய் காய்ச்ச அது அருமை, ஆனால் அதில் தண்ணீர் கூடுதல், பூரணம் கசியும்.

அளவு

ஒன்பது ரோலுக்கு, ஒன்பது அங்குலச் சதுர டின்னுக்கு இந்தக் கணக்கு சரியாக இருக்கும். எடை பார்க்கிற சின்னத் தராசு ஒன்று வாங்கிவிடுங்கள். கப் கணக்கில் மைதா அள்ளும்போது ஒருவர் கை அழுத்தி அள்ளும், இன்னொருவர் கை லேசாக அள்ளும், அதிலேயே 30 கிராம் வித்தியாசம் வந்துவிடும்.

கூழுக்கு: மைதா 20 கிராம், பால் 100 மில்லி.

மாவுக்கு: மைதா 330 கிராம், ஃப்ரிட்ஜில் வைத்த பால் 130 மில்லி, சர்க்கரை 50 கிராம், உருகாத, ஆனால் இளகிய வெண்ணெய் 50 கிராம், இன்ஸ்டன்ட் ஈஸ்ட் 4 கிராம் (தட்டையாக ஒன்றேகால் டீஸ்பூன்), உப்பு 5 கிராம் (ஒரு டீஸ்பூன்), தட்டிய ஏலக்காய் நான்கு.

பூரணத்துக்கு: வெண்ணெய் 50 கிராம், நாட்டுச்சர்க்கரை 90 கிராம், பட்டைத் தூள் ஒரு டேபிள்ஸ்பூன் (சுமார் 8 கிராம்), மைதா ஒரு டீஸ்பூன், ஒரு சிட்டிகை உப்பு.

இது முட்டை இல்லாத கணக்கு. முட்டை சாப்பிடுகிற வீடானால் ஒரு முட்டையை உடைத்து ஊற்றி, மாவுக்கான பாலில் 40 மில்லி குறையுங்கள். நிறம் கொஞ்சம் கூடும், அவ்வளவுதான் வித்தியாசம். மார்கழி, தை மாதங்களில் காலையில் குளிர் இருக்கும்போது ஈஸ்டை 5 கிராமாக்கி, பாலை வெதுவெதுப்பாக ஊற்றலாம்.

எந்த நேரத்தில் செய்வது

வெயில் காலத்தில் பகலில் தொடங்காதீர்கள். இரவு ஒன்பது மணிக்குப் பிசைந்து, ஃப்ரிட்ஜில் வைத்துத் தூங்கிவிட்டு, காலை ஐந்தரைக்கு எழுந்து சுருட்டினால், ஏழு மணிக்கு ஓவனுக்குள் போய், ஏழரைக்கு வெளியே வந்துவிடும். மாவு குளிர்ந்திருப்பதால் தேய்க்கும்போது வெண்ணெய் உருகி ஒழுகாது. ராத்திரி முழுக்க மெதுவாகப் புளிக்கிற மாவுக்கு ருசியும் கூடுதல். இன்னொரு லாபமும் இருக்கிறது: மாதாந்திரப் பராமரிப்பு என்று மின்வாரியம் கரண்ட் நிறுத்துவது பெரும்பாலும் காலை ஒன்பது மணிக்கு மேல்தான். அதற்குள் வேலை முடிந்திருக்கும். முந்தின நாளே செய்தித்தாளில் உங்கள் பகுதியின் பெயர் வந்திருக்கிறதா என்று பார்த்துக்கொள்வது நல்லது.

முதலில் கூழ்

20 கிராம் மைதாவை 100 மில்லி பாலில் கட்டியில்லாமல் கரைத்து, சிறு தீயில் கிண்டுங்கள். இரண்டு மூன்று நிமிடத்தில் கரண்டி போன தடம் தெரிகிற அளவுக்குக் கெட்டியாகும். அப்போதே இறக்கிவிடுங்கள். ஜப்பானிலும் சீனாவிலும் ரொட்டிக்குச் செய்கிற உத்தி இது. மாவு வேகும்போது அதிலுள்ள ஸ்டார்ச் தண்ணீரை இழுத்துப் பிடித்துக்கொள்கிறது. அதனால் சுட்ட ரோல் மறுநாளும் காயாமல் பஞ்சாக இருக்கும். இந்தப் படியைச் சிலர் நேரமில்லை என்று விட்டுவிடுவார்கள். காற்றில் ஈரமே இல்லாத நம் ஊர்க் கோடையில் இதை விடக்கூடாது, அரைநாளில் ரோல் வறண்டுவிடும். கூழை ஒரு தட்டில் பரப்பி நன்றாக ஆற விடுங்கள். சூடான கூழைச் சேர்த்தால் முழு மாவும் சூடேறிவிடும்.

பிசைவது

அகலமான பாத்திரத்தில் மைதா, சர்க்கரை, ஈஸ்ட், ஏலக்காய் போட்டுக் கலந்து, ஆறிய கூழையும் குளிர்ந்த பாலையும் சேர்த்து, மாவு ஒன்றுசேரும் வரை மட்டும் பிரட்டுங்கள். உப்பும் வெண்ணெயும் இப்போது வேண்டாம். மூடி, இருபது நிமிடம் அப்படியே விட்டுவிடுங்கள். இந்த இருபது நிமிடத்தில் மைதா பாலைக் குடித்துத் தானாகவே பாதி பிசைந்த பதத்துக்கு வந்துவிடும். கைக்கு அவ்வளவு வேலை மிச்சம்.

அப்புறம் உப்பைத் தூவி ஐந்து நிமிடம் பிசையுங்கள். மாவு கையில் ஒட்டும். ஒட்டத்தான் வேண்டும். இங்கேதான் புதிதாகச் செய்கிறவர்கள் பயந்துபோய் மைதாவை மேலும் மேலும் தூவுவார்கள். ரோல் கல்லாவதற்கு முதல் காரணம் அது. சப்பாத்தி மாவுப் பதத்தை மறந்துவிடுங்கள், அதைவிட இது நன்றாகவே தளர்ந்திருக்கும். மாவை மேடையில் போட்டு, உள்ளங்கையின் அடிப்பாகத்தால் முன்னால் தள்ளி, மடித்து, கால்வட்டம் திருப்பி, மறுபடி தள்ளுங்கள். மேடையில் ஒட்டினால் தோசைக் கரண்டியால் சுரண்டி எடுத்துச் சேர்த்துக்கொள்ளலாம்.

மாவு கொஞ்சம் இழுவை கண்டதும் வெண்ணெயை மூன்று தவணையாகச் சேருங்கள். முதல் தவணை போட்டதும் மாவு பிய்ந்து, கொழகொழவென்று, எல்லாம் கெட்டுவிட்டது என்று தோன்றும். நிறுத்தாமல் பிசைந்தால் மூன்று நிமிடத்தில் வெண்ணெய் உள்ளே போய், மாவு மறுபடி சேர்ந்து வழுவழுப்பாகிவிடும். மொத்தம் பன்னிரண்டு முதல் பதினைந்து நிமிடம் ஆகும். சரியாகப் பிசைந்ததா என்று பார்க்க ஒரு எலுமிச்சை அளவு மாவை எடுத்து, விரல்களால் நான்கு பக்கமும் மெல்ல இழுங்கள். கிழியாமல் மெல்லிய தோலாக விரிந்து, விளக்குக்கு எதிரே பிடித்தால் உங்கள் விரல் நிழல் தெரிய வேண்டும். சட்டென்று கிழிந்தால் இன்னும் மூன்று நிமிடம் பிசையுங்கள்.

பிசையப் பிசைய உராய்வில் மாவு சூடேறும். வெண்ணெய் எண்ணெயாகி மாவு மேல் மினுமினுவென்று வழிகிறதா? உடனே நிறுத்தி, மாவை மூடி ஃப்ரிட்ஜில் பதினைந்து நிமிடம் வைத்து எடுத்துத் தொடருங்கள். உணவு வெப்பமானி இருந்தால், பிசைந்து முடித்த மாவுக்குள் குத்திப் பாருங்கள். 26, 27 டிகிரி இருந்தால் நல்லது. 30-ஐத் தாண்டினால் அடுத்த முறை மைதாவையும் ஒரு மணி நேரம் ஃப்ரிட்ஜில் வைத்துவிட்டு எடுத்துப் பிசையலாம்.

முதல் உப்பல்

எண்ணெய் தடவிய டப்பாவில் மாவை வைத்து மூடுங்கள். டப்பா மாவைப்போல் இரண்டரை மடங்காவது பெரிதாக இருக்க வேண்டும். இரவில் வைக்கிறவர்கள், வெளியே பத்து நிமிடம் மட்டும் வைத்துவிட்டு ஃப்ரிட்ஜுக்குள் தள்ளிவிடுங்கள். உருண்டையாக வைக்காமல் தட்டையாக அமுக்கி வைத்தால் நடுப்பகுதிக்கும் குளிர் சீக்கிரம் போகும், இல்லாவிட்டால் வெளியே குளிர்ந்து உள்ளே பொங்கிக்கொண்டே இருக்கும். கீழ்த்தட்டின் பின்பக்கம்தான் நல்ல இடம். கதவு திறக்கும்போதெல்லாம் வெப்பம் அடிக்காது. மூடி இறுக்கமாக இருக்கட்டும். வெண்ணெய் சேர்ந்த மாவு பக்கத்தில் இருக்கிற வாசனையையெல்லாம் இழுத்துக்கொள்ளும். நேற்றைய கருவாட்டுக் குழம்பு அதே தட்டில் இருந்தால் என்ன ஆகும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. எட்டு மணி நேரத்திலிருந்து பன்னிரண்டு மணி நேரம் வரை தாங்கும்.

பகலிலேயே செய்கிறவர்கள் கடிகாரத்தை நம்பாமல் மாவைப் பாருங்கள். கோடை மதியத்தில் முக்கால் மணி நேரத்துக்குள்ளேயே இரண்டு மடங்காகிவிடலாம். மார்கழிக் காலையில் இரண்டு மணி நேரம்கூட எடுக்கும். மைதா தொட்ட விரலை மாவில் அரை அங்குலம் அழுத்தி எடுத்தால், குழி மெதுவாகப் பாதி மட்டும் மேலே வர வேண்டும். உடனே முழுதாக மேலே வந்தால் இன்னும் நேரம் இருக்கிறது. குழி அப்படியே நின்று, சுற்றிலும் தளர்ந்து போனால் நேரம் தாண்டிவிட்டது. அப்படியானால் மெல்ல அமுக்கி, மடித்து, அரை மணி நேரம் ஃப்ரிட்ஜில் வைத்துவிட்டுச் சுருட்டுங்கள். முழு ருசி வராது, ஆனால் தூக்கிப் போட வேண்டியதில்லை.

பூரணம், சுருட்டுவது, வெட்டுவது

நாட்டுச்சர்க்கரையைச் சலித்துக் கட்டிகளை உடைத்துக்கொள்ளுங்கள். அதில் பட்டைத் தூள், உப்பு, ஒரு ஸ்பூன் மைதா சேர்த்து, வெண்ணெயோடு குழைத்துப் பசையாக்குங்கள். மைதா எதற்கு என்றால், சர்க்கரை உருகும்போது பாகாகி அடியில் ஒழுகாமல் பிடித்துக்கொள்ள. குளிர் ஊர்களில் முதலில் வெண்ணெய் தடவி, அதன் மேல் சர்க்கரை தூவுவார்கள். நம் ஊரில் தனியாகத் தடவிய வெண்ணெய் நொடியில் எண்ணெயாகிவிடுகிறது. எல்லாம் சேர்ந்த பசைதான் இங்கே சௌகரியம். பட்டைத் தூளை மாவில் கலந்து பிசைந்தால் என்ன என்று தோன்றலாம். வேண்டாம். பட்டைக்கு வாசனை தருகிற சின்னமால்டிஹைடே ஈஸ்டின் வேலையை மட்டுப்படுத்தும். மாவு சரியாக உப்பாது.

சப்பாத்திப் பலகை போதாது. கிரானைட் மேடையைத் துடைத்து, கொஞ்சம் மைதா தூவி, மாவை அதில் போடுங்கள். வெயில் நாளில் மேடையே சூடாக இருந்தால், ஒரு தட்டில் ஐஸ் கட்டி போட்டு மேடை மேல் பத்து நிமிடம் வைத்து எடுத்துத் துடைத்துக்கொள்ளலாம். பூரிக் கட்டையால் நடுவிலிருந்து வெளியே தேய்த்து, 36 செ.மீ. நீளம், 30 செ.மீ. அகலத்துக்கு விரியுங்கள். மாவு இழுத்துக்கொண்டு சுருங்கினால் சண்டை போடாதீர்கள். ஐந்து நிமிடம் மூடி வைத்துவிட்டு வந்தால் சொன்ன பேச்சு கேட்கும்.

பூரணத்தை ஓரம் வரை தடவி, எதிர்ப்பக்க நீள ஓரத்தில் மட்டும் ஒரு விரல் அகலம் விட்டுவிடுங்கள். உங்கள் பக்கத்து நீள ஓரத்திலிருந்து பாய் சுருட்டுவது போலச் சீராகச் சுருட்டிக்கொண்டு போய், விட்ட ஓரத்தில் தண்ணீர் தொட்டு ஒட்டுங்கள். ரொம்ப இறுக்கினால் சுடும்போது நடுச்சுருள் கோபுரமாக மேலே கிளம்பும். தளர விட்டால் சுருளுக்குள் ஓட்டை விழும்.

கத்தியால் வெட்டினால் சுருள் நசுங்கும். பூ கட்டுகிற வெள்ளை நூலை எடுத்து, உருளைக்கு அடியில் செலுத்தி, இரண்டு முனையையும் மேலே கொண்டுவந்து குறுக்காக இழுங்கள். சுத்தமாக அறுந்துவிடும். நான்கு நான்கு செ.மீ. ஆக ஒன்பது துண்டு வரும். ஒவ்வொன்றின் வால் முனையையும் அடியில் மடக்கி, வெண்ணெய் தடவிய டின்னில் மூன்று மூன்றாக, இடைவெளி விட்டு வையுங்கள்.

இரண்டாம் உப்பல், ஓவன்

ஈரத்துணியால் மூடி வைத்தால், ஃப்ரிட்ஜிலிருந்து வந்த மாவுக்குக் கோடைக் காலையில் ஒரு மணி நேரத்துக்குச் சற்றுக் கூடக் குறைய ஆகும். குளிரூட்டாத மாவானால் அரை மணி நேரத்திலேயே தயாராகிவிடலாம். துண்டுகள் பக்கத்துத் துண்டைத் தொட்டுக்கொண்டு, லேசாக ஆட்டினால் குலுங்க வேண்டும். வெயிலில் வைப்பது, ஓவனைக் கொஞ்சம் சூடாக்கி உள்ளே வைப்பது எல்லாம் இங்கே தேவையே இல்லை. வெண்ணெய் வெளியேறி, அடியில் குளம் கட்டும்.

மாவு உப்பி முடிந்த பிறகு ஓவனைப் போட்டால், அது சூடாவதற்குள் மாவு தாண்டிப் போய்விடும். முன்கூட்டியே 180 டிகிரியில் பதினைந்து நிமிடமாவது சூடாகும்படி கணக்குப் பண்ணிப் போடுங்கள். ஓடிஜி என்கிற சின்ன மின்சார ஓவனில் மேல் கம்பி, கீழ்க் கம்பி இரண்டும் எரியட்டும். தட்டு நடு அடுக்கில் இருக்கட்டும். மைக்ரோவேவ் கன்வெக்‌ஷன் அடுப்பில் விசிறி சுற்றுவதால் 170 போதும். ஓடிஜியைச் சாதாரணச் சின்னப் பிளக்கில் மாட்டாதீர்கள். கீசருக்கும் ஏசிக்கும் போட்டிருக்கிற 16 ஆம்பியர் பிளக் வேண்டும். பழைய வாடகை வீடுகளில் சமையலறையில் அது இருக்காது, முதலிலேயே பார்த்துக்கொள்ளுங்கள். வீட்டு இன்வெர்ட்டரில் ஓடிஜியை ஓட்டும் எண்ணமும் வேண்டாம், தாங்காது.

22 முதல் 26 நிமிடம் ஆகும். பதினைந்தாவது நிமிடத்தில் மேலே சிவந்துவிட்டால் அலுமினியத் தாளை லேசாக மேலே போடுங்கள். நடுவில் இருக்கிற ரோல்தான் கடைசியில் வேகும், அதைத்தான் சோதிக்க வேண்டும். ஓரத்து ரோலைப் பார்த்துவிட்டு எடுத்தால் நடுவில் பச்சை மாவு இருக்கும். வெப்பமானியை நடு ரோலில் குத்தினால் 90 டிகிரி காட்ட வேண்டும். வெப்பமானி இல்லாதவர்கள் நடுச்சுருளை ஸ்பூனால் சற்றே தூக்கிப் பாருங்கள். இழை இழையாகப் பிரிந்தால் வெந்தது, ஜவ்வாக இழுத்தால் இன்னும் நான்கு நிமிடம்.

பாதியில் கரண்ட் போனால் கதவைத் திறக்காதீர்கள். உள்ளே இருக்கிற சூடு கொஞ்ச நேரம் வேக வைத்துக்கொண்டே இருக்கும். ஓவனில் வைப்பதற்கு முன்னாலேயே போய்விட்டால் டின்னோடு ஃப்ரிட்ஜில் வைத்துக் காத்திருங்கள்.

குக்கரில் செய்யலாமா என்று கேட்பவர்களுக்கு: செய்யலாம். கேஸ்கெட்டும் வெயிட்டும் எடுத்துவிட்டு, அடியில் உப்புப் பரப்பி, ஸ்டாண்ட் வைத்து, பத்து நிமிடம் சூடாக்கி, சின்ன வட்ட டின்னில் பாதி அளவு மாவை வைத்துச் சிறு தீயில் 35 நிமிடம் போல. அடி சிவக்கும், மேல் வெளுத்தே இருக்கும். ருசி பரவாயில்லை. ஐசிங் ஊற்றினால் வெளுப்பு மறைந்துவிடும்.

ஐசிங்

எளியது: மிக்சியில் அரைத்துச் சலித்த சர்க்கரை 80 கிராம், பால் ஒரு டேபிள்ஸ்பூன், வெண்ணெய் ஒரு டீஸ்பூன். பாலைச் சொட்டுச் சொட்டாகச் சேருங்கள், சட்டென்று நீர்த்துவிடும். புளிப்பு வேண்டுமென்றால் க்ரீம் சீஸுக்குப் பதில் புளிக்காத தயிரை வெள்ளைத் துணியில் கட்டி ஃப்ரிட்ஜுக்குள்ளேயே ஐந்தாறு மணி நேரம் தொங்க விட்டு, அந்தக் கெட்டியில் சர்க்கரைத் தூள் சேர்க்கலாம். சர்க்கரை பட்டதும் அது இளகும். அரை மணி நேரம் குளிர வைத்த பிறகு தடவுங்கள். ரோல் பத்து நிமிடம் ஆறிய பிறகு ஊற்ற வேண்டும். கொதிக்கக் கொதிக்க ஊற்றினால் எல்லாம் அடியில் போய்ச் சேரும்.

ஆற்காடு மக்கன் பேடாவை ஜீராவோடு வழித்துச் சாப்பிட்டு வளர்ந்த நாக்குக்கு இந்த இனிப்பு பெரிதாகத் தெரியாது. இருந்தாலும் நான் ஐசிங்கைக் குறைத்தே ஊற்றுவேன். பட்டை மணம் முன்னால் வர வேண்டும்.

மிச்சம் இருந்தால்

வெயில் காலத்தில் வெளியே ஒரு நாளுக்கு மேல் வைக்க வேண்டாம். தயிர் ஐசிங் போட்டதை அரை நாள்கூட வைக்கக் கூடாது. ஃப்ரிட்ஜில் வைத்தால் கெடாது, ஆனால் ரொட்டி வகை எதுவும் ஃப்ரிட்ஜில் சீக்கிரம் விறைத்துப் போகும். ஐசிங் போடாத ரோல்களை ஒவ்வொன்றாகச் சுற்றி ஃப்ரீசரில் வைத்தால் ஒரு மாதம் வரை நன்றாக இருக்கும். மறுபடி சூடாக்க இட்லிப் பானை நல்ல வழி: துணி விரித்த தட்டில் ரோலை வைத்து, மேலேயும் ஒரு துணி போட்டு மூடி, ஆவியில் மூன்று நிமிடம். ஃப்ரீசரிலிருந்து நேராக வைத்தால் ஏழெட்டு நிமிடம். மேல்துணியை மறந்தால் மூடியிலிருந்து தண்ணீர் சொட்டி ரோல் நைந்துவிடும். ஐசிங்கை அதற்கு அப்புறம் ஊற்றிக்கொள்ளலாம்.

கோதுமை மாவில் செய்ய நினைப்பவர்கள் முதல்முறை பாதிக்குப் பாதி மைதா கலந்து, பாலை 20 மில்லி கூட்டிப் பாருங்கள். முழுக்கக் கோதுமையில் செய்தால் உப்பாது, கனமாக வரும்.